ஜன்னல் சாத்திய வகுப்பு

நல்ல பொருளியல் ஆசிரியர் யார் என்று ஹட்டனில் யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் கிடைக்கும். என்னிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் டியூஷன் நடத்தும் சார்மார் எல்லாருடைய தாளும் என் மெஷினுக்குள் புகுந்துதான் பிள்ளைகள் கைக்குப் போகிறது. யாருடைய தாளைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைக்கிறார்கள், யாருடைய தாளில் வடையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வடை சுற்றிய தாள்களில் பெரும்பாலானவை என் கணவருடையவை.

என் கணவர் இக்னேசியஸ், உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லிக் கொடுக்கிறவர். துணிக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். ஒரு பிள்ளை "புரியல சார்" என்றால் போதும், கரும்பலகையை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "புரிஞ்சிருச்சு சார்" என்றாலும் விடமாட்டார். "எங்க, நீ சொல்லு பாப்போம்" என்பார். றொசல்லப் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலைத் தவறவிட்டுவிட்டு என் கடை வாசலில் நின்று கண்ணைக் கசக்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு எத்தனை மாணவர்கள் இருப்பார்கள்? ஏழு பேர். அதிலும் இருவர் அரைத் தூக்கம்.

அதே தெருவில் அழகன் சார் என்று இன்னொருவர் இருக்கிறார். அவரும் பொருளியல்தான். கோட் போடுவார். முணுமுணுத்தாலே கடைசி வரிசைக்குக் கேட்கிற அறையிலும் மைக் பிடிப்பார். அவருடைய படம் போட்ட பேனர் பஸ் ஸ்டாண்டில் பிள்ளையார் கோயில் திருவிழாப் பேனரைவிடப் பெரிது. இதெல்லாம் கூட இரண்டாம் பட்சம். அவர் கெஸ் சொல்வார். கெஸ் என்றால், பரீட்சைக்கு எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்வது. பத்துச் சொல்லி ஒன்று வந்தால் அந்த ஒன்றைப் பேனரில் போடுவார். வராத ஒன்பதைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவருடைய கெஸ் தாள் அச்சாகும் நாளில் என் மெஷின் சூடேறிப் புகைந்துவிடும்.

"நீங்களும் ரெண்டு கெஸ் சொன்னா என்ன?" என்று கேட்டதற்கு என் கணவர் ஒரு கிழமை முழுதும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வத்தளையில் அவருடைய அண்ணன் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் தேவை என்று மாதம் ஒருமுறை போன் வரும். கடைசியில் என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த வருஷத்து வகுப்புக்கும் இப்படித்தான் ஏழு பேர் என்றால் மாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வத்தளைக்குப் போய்விடுவது. அவர் ஆணிக்கும் கம்பிக்கும் கணக்கு எழுதுவதா? என் கடையையும் மூட வேண்டும். நான் பிறந்து வளர்ந்த குளிரை விட்டு அந்தப் புழுக்கத்தில் போய் என்ன செய்வேன்?

அந்த வருஷப் பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பில் வட்டகொடையிலிருந்து வரும் கிஷாந்த் ஒரு சந்தேகம் கேட்டான். ரூபாயின் பெறுமதி விழுந்தால் தேயிலை விற்கிற கம்பனிக்கு லாபம், கடையில் கோதுமை மா வாங்குகிற அவன் அம்மாவுக்கு மட்டும் நட்டம், அது எப்படி என்று. மற்றவர்கள் திருப்புதல் செய்ய வந்திருந்தார்கள். என் கணவர் திருப்புதலைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒரு சந்தேகத்துக்கே முழு நேரத்தையும் கொடுத்தார். மற்ற ஆறு பேரும் திட்டிக்கொண்டே படியிறங்கியதை நான் கீழே நின்று கேட்டேன்.

பரீட்சையில் பெரிய கேள்வியாக அதுவே வந்தது.

கிஷாந்த் அன்றைக்கே பேஸ்புக்கில் எழுதினான்: "எங்க சார் கடைசி வகுப்புல சொன்னது அப்படியே வந்திருக்கு." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் ஹட்டன் அதைத் தன் இஷ்டத்துக்கு வாசித்தது. ஒரே ஒரு கெஸ் சொல்லி, அந்த ஒன்றையே அடித்த மனிதர்! அடுத்த வகுப்புத் தொடங்கிய சனிக்கிழமை மாடிப்படியில் நிற்க இடமில்லை. துணிக்கடை முதலாளி தன் கடைக்குத்தான் கூட்டம் என்று நினைத்து ஷட்டரை அவசரமாகத் தூக்கினார்.

"பாத்தியா இசபெல், ஒழுங்கா படிச்சுக் குடுத்தா பிள்ளைங்க வரத்தான் செய்வாங்க" என்றார் என் கணவர். முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்று கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. பேஸ்புக் கதையை நான் அவரிடம் எடுக்கவில்லை.

முதல் வகுப்பில் முதல் கேள்வியே, "சார், இந்த வருஷம் என்ன வரும்?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாத்தையும் படிக்கணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். சார் மறைக்கிறார், நம்பிக்கையான ஆட்களுக்கு மட்டும் பிறகு சொல்வார் என்று கதை பரவியது. தாய்மார் என் கடைக்கு வரத் தொடங்கினார்கள். பொகவந்தலாவையிலிருந்து நாகலெட்சுமி என்கிற அம்மா, தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கிய ஒரு கட்டு லீக்ஸோடு வந்து நின்றார். மகள் சுலக்ஷனா எங்கள் வகுப்பில்தான்.

"என் மகளுக்கு மட்டும் காதோட சொல்லச் சொல்லுங்கக்கா. நாங்க யாருகிட்டயும் மூச்சு விடமாட்டோம்."

"ஐயோ, அவருக்கே ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். எரிச்சலில் மீதியும் வாயில் வந்துவிட்டது. "இந்தக் கெஸ் பைத்தியத்தால பிள்ளைங்க வராம நின்னுட்டா நாங்க மாடி ஹோலைக் குடுத்துட்டு வத்தளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நாகலெட்சுமி லீக்ஸை மட்டும் வைத்துவிட்டு முகம் வாடிப் போனார். நான் சொன்னது போலவே நடந்தது. கெஸ் வராததால் மூன்று வாரத்தில் கூட்டம் பாதியாகக் கரைந்தது. இருந்தவர்களும் மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள். பாவம், இருட்டோடு எழும்பி முதல் பஸ் பிடிக்கிற பிள்ளைகள். அண்ணனுக்குப் போன் போட என் கணவர் சாப்பாட்டுக்கு நடுவில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாருங்க. சிலபஸ்ல இருக்கிறதுல எது பரீட்சைக்கு வராதுன்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது. எதுவும் வரலாம்."

"அப்ப அதைத்தான் சொல்லுங்க. ஆனா மொத்தமா சொல்லாதீங்க. வாரத்துக்கு ஒண்ணா, இது வரலாம்னு சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

"அது ஏமாத்து வேலை."

"எதுல பொய் இருக்குன்னு காட்டுங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கிளறினார். பொய் அகப்படவில்லை. சாம்பாரில் இருந்த லீக்ஸ்தான் அகப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை பாடத்தின் நடுவில் என் கணவர் எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றார். ஜன்னலோரம் இருந்த சுலக்ஷனா ஓடிப் போய்ச் சாத்திக் கொக்கியும் போட்டாள். "இந்த வருஷம் இது வரலாம். வெளிய போய்ப் பேசாதீங்க." அவ்வளவுதான். தூங்கிய தலைகள் எல்லாம் நிமிர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. பாடம் என்று சொன்னபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள் கெஸ் என்றதும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். "சார், திரும்பச் சொல்லுங்க, கெஸ் வந்து எழுதத் தெரியாம போயிருச்சுன்னா?" என்றார்கள். என் கணவர் ஆனந்தமாகக் கரும்பலகையை அழித்து அழித்து எழுதினார். விலை நெகிழ்ச்சி வந்தது, பணவீக்கம் வந்தது, சென்மதி நிலுவை வந்தது. ஒவ்வொரு வாரமும் ஜன்னல் சாத்தப்பட்டது. போனவர்கள் திரும்பி வந்தார்கள், இதுவரை வராதவர்களையும் கூட்டிக்கொண்டு.

நான் ஒன்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "வரிசையா சொல்லாதீங்க, கொஞ்சம் கலைச்சுப் போடுங்க, யாராவது கண்டுபிடிச்சிருவாங்க." அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. ஒன்று விளங்காமல் அடுத்தது விளங்காது, கலைக்க முடியாது என்றுவிட்டார். மனுஷன் ஏமாற்றுவதிலும் ஒழுங்கு பார்த்தார்.

மனசாட்சி அவரைச் சும்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் ஃபாதரிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஆனால் மறு வாரம் ஃபாதரின் அக்கா மகள் வகுப்பில் வந்து சேர்ந்தாள்.

அழகன் சாரே ஒருநாள் என் கடைக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. "மெடம், சார் இதெல்லாம் எங்கேருந்து எடுக்கிறாருங்க? கொழும்புல ஆள் இருக்கா?" என்றார்.

"புத்தகத்துல இருந்துங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. உளவு பார்க்கத் தன் வகுப்பிலிருந்து ஒரு பையனை அனுப்பினார். பையன் எங்கள் வகுப்பிலேயே தங்கிவிட்டான்.

பரீட்சை முடிந்த அன்று பிள்ளைகள் என் கடை வாசலில் கூத்தாடினார்கள். "சார் சொன்னது எல்லாமே வந்துருச்சு! ஒண்ணுகூடத் தப்பல!" எப்படித் தப்பும்? பாடத்திட்டம் முழுவதையும் அல்லவா அவர் கெஸ் சொல்லியிருந்தார். பெறுபேறு வந்தபோது ஏயும் பியுமாகக் கொட்டியது. பிள்ளைகளே காசு சேர்த்துப் பேனர் அடித்து, பஸ் ஸ்டாண்டில் அழகன் சாருக்குப் பக்கத்தில், அவரைவிட ஒரு முழம் உயரத்தில் கட்டினார்கள். என் கணவரின் படம், கீழே கொட்டை எழுத்தில் "கெஸ் மன்னன்".

வத்தளை பயம் போய்விட்டது. மாடிக்கு முன்பணமே கட்டிவிட்டோம். ஆனால் அவர் அந்தப் பேனரைக் கடந்து போகும்போது குனிந்தே போனார். என் கடையில் வந்து உட்கார்ந்து, பேசாமல் தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடித்தார்.

"இத்தனை வருஷம் படிச்சுக் குடுத்திருக்கேன் இசபெல். நல்லா படிச்சுக் குடுத்தாருன்னு ஒருத்தர்கூடச் சொல்லல."

யோசனை சொன்னவள் நான்தானே. அவருக்கு வகுப்பைப் பிடித்துக் கொடுத்தேன், பெயரைப் பறித்துவிட்டேனோ என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் சுலக்ஷனா வந்தாள். பின்னால் நாகலெட்சுமி, மறுபடியும் லீக்ஸோடு. பொருளியலுக்கு ஏ, கெம்பஸில் படிக்க இடம் கட்டாயம் கிடைக்கும் என்றார்கள். என் கணவர் வாழ்த்தினார். பிறகு, கசப்பு தாங்காமல், "கெஸ் எல்லாம் சரியா வந்துச்சு, என்ன?" என்றார்.

சுலக்ஷனா சிரித்தாள். "நீங்க எங்க சார் கெஸ் சொன்னீங்க?"

ஸ்டேப்ளர் அவர் கையில் அப்படியே நின்றது.

"மூணாவது கெஸ்லயே எனக்குத் தெரியும் சார். சிலபஸை எடுத்து வச்சுப் பாத்தேன். முதல் பக்கத்துல இருந்து வரிசையா வந்துகிட்டு இருந்தீங்க. அடுத்த வாரம் என்ன கெஸ்ஸுன்னு பாத்து, முன்னுக்கே படிச்சுட்டு வருவேன்."

"அடிப் பாவி" என்றேன் நான். "அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லல?"

"சொன்னா பாதிப் பேரு அழகன் சாருகிட்ட ஓடியிருப்பாங்க அக்கா. ஹோலைக் குடுத்துட்டு நீங்க வத்தளைக்குப் போயிருப்பீங்க, அம்மா சொன்னாங்க. அப்புறம் புரியலன்னா நான் யார்கிட்ட கேக்கிறது?" அவள் என் கணவரைப் பார்த்தாள். "அதான் சார், ஒவ்வொரு தடவையும் ஜன்னலை நல்லா இறுக்கிச் சாத்தினேன்."

என் கணவர் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போய் எதையோ தேடுவது போல நின்றார். அங்கே தேட ஒன்றும் இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. நாகலெட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இப்பவாவது சொல்லுங்கக்கா, சாருக்கு உண்மையிலேயே யாரு சொல்றாங்க?" என்று என் காதில் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை புதிய பிள்ளைகள் மாடி நிறைய வந்தார்கள். அன்று என் கணவர் யாரையும் ஏவவில்லையாம். அவரே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி முதல் கெஸ்ஸைச் சொன்னாராம். வழக்கம்போல முதல் பக்கம். சொல்லிவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம், இந்த வருஷம் யார் போய்ச் சிலபஸைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று.