ஒன்பது படிகளும் ஒரு சோப்புக் கட்டியும்

அன்று படகுத்துறையில் நான் கத்தினேன் என்று அண்ணி சொல்கிறாள். கத்தவில்லை என்பதுதான் என் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. எனக்குச் சாதகமானதை மட்டும் அது பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அதனால் கையால் தொட்டதை மட்டும் எழுதுகிறேன்.

மரப்பட்டறை அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தியது. படகுக்காரர் துறைக்கு ஒன்பது படிகள் கேட்டார். அவருடைய பழைய படிகள் மக்கிக்கொண்டே இருந்தன. நான் மரக்கடைக்குப் போய், கப்பலில் வந்திருந்த ஒரு மரத்தின் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் அதை இரும்பு மரம் என்றார். அதையே வாங்கினேன்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"மரம்னா மிதக்கணும். வெட்டினா வெட்டுப்படணும், சொன்னா கேக்கணும். இது எதுலயும் சேராது, உன்னை மாதிரியே."

"அப்ப எனக்கும் அதுக்கும் ஒத்துப்போகும்."

"படி ஒண்ணு கெட்டாலும் நீ அப்புறம் ரம்பத்தைத் தொடக் கூடாது. முன்னறையில உக்காந்து போன் எடு. சம்மதமா?"

"சம்மதம். கெடலைன்னா நீ போய் போன் எடு."

உள்ளேயிருந்து அண்ணி, "நீங்க ரெண்டு பேரும் வாயாலயே அறுத்துடுவீங்க, ரம்பம் எதுக்கு?" என்றாள்.

அந்த மரத்தை ரம்பத்தில் வேகமாகத் தள்ளினால் பலகை கருகும். துளை போடாமல் திருகினால் திருகாணியின் தலை மட்டும் கையோடு வரும். அது விடுகிற அளவுக்கே போனேன். மஞ்சள் நிற மரத்தூள் பறந்து கை, கழுத்தெல்லாம் அப்பியது. முதல் நாள் சாயந்திரம் சோப்புப் போட்டேன், நுரை சிவந்துவிட்டது. எங்கே வெட்டிக்கொண்டேன் என்று தேடினேன். காயம் எதுவுமில்லை. சோப்பு பட்டதும் அந்தத் தூள்தான் சிவக்கிறது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் சாயம் போகிற மரம் என்பான்.

ஏழு படிகள் முடிந்தபோது அந்தத் தூளே என்னைச் சாய்த்தது. மூச்சுவிட முடியாமல் நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்தபோது ஒன்பதும் துறையில் இருந்தன, கருமையாக எண்ணெய் மினுங்க.

"மிச்ச ரெண்டை நானே முடிச்சுட்டேன்," என்றான் அண்ணன். அவனுக்கு நன்றி சொன்னேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு வருஷத்து வெயிலும் தண்ணீரும் எல்லாப் படிகளையும் ஒரே சாம்பல் நிறமாக்கின. அப்புறம் இரண்டு படிகள் மக்கின. ஒன்றில் படகுக்காரரின் கால் உள்ளே போய்விட்டது. எங்கள் மூவரையும் வரச்சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன், மரங்கொத்தி கேக்கலை," என்றான் அண்ணன் அவரிடம். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "இனிமே இவ முன்னறையிலதான்."

நான் குனிந்து மக்கிய படியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு படகுக்காரரிடம் சோப்பு கேட்டேன்.

"கை கழுவிட்டுப் போகப் போறியாம்மா?"

"அவ்வளவு சீக்கிரம் கழுவ மாட்டேங்க."

மண்டியிட்டு, ஒவ்வொரு படியிலும் உளியால் சாம்பல் தோலைச் சுரண்டி, சோப்பு நீரைத் தேய்த்தேன். ஒன்பதும் சிவந்தால் நான் தோற்றேன். கீழிருந்து ஏழு படிகளில் நுரை சிவந்தது. மக்கிய இரண்டிலும் வெள்ளையாகவே நின்றது.

"இந்த ரெண்டும் நான் வாங்கின மரமே இல்ல. அந்தப் பலகை ரெண்டும் எங்க, அண்ணா?"

அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். படகு ஒருமுறை தூணில் இடித்தது.

"கருகிப்போச்சு," என்றான். "பிளேடும் போச்சு. ஷெட்ல கெடந்த வேற பலகைக்குச் சாயம் பூசிப் போட்டேன்."

"வேகமா தள்ளின."

"ஆமா."

"அப்ப நீ போய் போன் எடு."

இதைத்தான் நான் கத்திச் சொன்னேன் என்கிறாள் அண்ணி. எதிர்க்கரைவரை கேட்டதாம். இருக்கட்டும். கேட்கட்டும்.

அந்த இரண்டு படிகளையும் இரும்பு மரத்தில் நானே செய்து போட்டேன். அண்ணன் மூன்று வருஷம் போன் எடுத்தான். இப்போது லாரி ஓட்டுகிறான், என்னிடம் மரத்தைத் தவிர மற்ற எல்லாம் பேசுகிறான். அண்ணி பட்டறையில் பாலிஷ் போடுகிறாள். படகுக்காரர் இறந்துவிட்டார், அவர் மகள் படகு ஓட்டுகிறாள். எனக்கு மூச்சிரைப்பு போகவில்லை, முகமூடி கட்டிக்கொண்டு ரம்பத்தில் நிற்கிறேன். ஒன்பது படிகளும் இருக்கின்றன.