இடது காலுக்கு வேலை இல்லை

பயிற்சிக்கு வந்த கரண்ட் பஸ்ஸுக்கு உயிர் வரவில்லை. சார்ஜ் ஏற்றும் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவர வேண்டிய கம்பி மட்டும் இன்னும் மதில் சுவருக்கு அந்தப் பக்கமே கிடந்தது. அதனால் ஓட்டுநர்கள் பணிமனைக் கொட்டகையின் நிழலில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, ஓடாத வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கில் ஒரு மிதி, ஆக்சிலேட்டரில் ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கினார்கள். கண்காட்சியில் பொம்மைக் குதிரை ஏறுகிற மாதிரி இருக்கிறது என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். கம்பெனி அனுப்பியிருந்த பயிற்சியாளன் சிரிக்கவில்லை.

"இதுல கியர் கிடையாது. கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு இங்க வேலையே இல்ல. அத மறந்துடுங்க," என்றான்.

"பொண்டாட்டி பொறந்த நாள மறக்கச் சொல்லுங்க தம்பி, மறந்துடறேன். கால எப்படி மறக்கறது?" என்றார் கியரண்ணன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு எல்லோரையும் வண்டிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பயிற்சி முடிந்துவிட்டது.

கியரண்ணன் என்பது பணிமனை வைத்த பெயர். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் டீசல் வண்டி ஓட்டியிருந்தார். அவர் கியர் மாற்றுவது நின்றுகொண்டு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியாது. அவருடைய வண்டியில் தூங்குகிறவர்கள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று கண்டக்டர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பழைய வண்டியின் கிளட்ச் லேசில் மசியாது. தொடையிலிருந்து பலம் கொடுத்தால்தான் கீழே போகும். நெரிசலான சாலையில் மூச்சுக்கு மூச்சு அதை மிதித்து மிதித்து, அவருடைய இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்த அவருடைய மனைவி, அவருக்குக் கால்சட்டை வெட்டும்போது இடது பக்கம் மட்டும் ஒரு விரல் துணி கூடுதலாக விடுவாள். உங்களுக்குத் தைப்பதும் ஒன்றுதான், இரண்டு ஆளுக்குத் தைப்பதும் ஒன்றுதான் என்பாள்.

கரண்ட் வண்டிகள் வந்ததும் டீசல் வண்டிகளை ஏலம் விட்டார்கள். புதிய வண்டிகள் நகரத்துக்குச் சொந்தமில்லை, ஒரு கம்பெனியுடையவை. பழைய ஓட்டுநர்களைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. முதல் வருஷம் தற்காலிகம். புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கியரண்ணனுக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் வேறு யாரும் கூப்பிட்டு ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரத்திலேயே அது நடந்தது. கடைத்தெரு வளைவில் ஒரு சைக்கிள்காரன் திடீரென்று குறுக்கே வந்தான். கியரண்ணனின் வலது கால் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதே நொடியில் இடது காலும் எழும்பி, எப்போதும் கிளட்ச் இருக்கும் இடத்தை முழுப் பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்கின் அகலமான பட்டை. வண்டி சுவரில் மோதியதுபோல நின்றது.

நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வாய் கம்பியில் மோதியது. அவள் படியில் உட்கார்ந்து கைக்குட்டையில் துப்பினாள். சிவப்புக்கு நடுவில் முன்பல் ஒன்று கிடந்தது. கியரண்ணன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து அவள் எதிரில் குந்தினார். அவள் பாட்டிலை வாங்கவில்லை.

"ஏன்யா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்றாள்.

அவரை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் உன்னை என்னாலும் காப்பாற்ற முடியாது என்றார். கியரண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் வெறும் வண்டியைக் கொடுங்கள், பணிமனைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பழகிக்கொள்கிறோம் என்று கேட்டார். தனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் இதே தொல்லைதான் என்பதையும் சொன்னார். மேனேஜர் சுவரைக் காட்டினார். அங்கே சட்டம் போட்டுப் பயிற்சி நாள் படம் தொங்கியது. நடுவில் கியரண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பயிற்சிதான் முடிஞ்சுதே? வண்டி ரோட்டுல ஓடினாத்தான் கம்பெனிக்கு வருமானம். டிப்போவுக்குள்ள சுத்தினா யாரு குடுப்பா?"

அன்றிலிருந்து கியரண்ணனுக்குச் சாலையைவிடக் காலைப் பார்ப்பதே பெரிய வேலையாகப் போனது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் இடது கால் துள்ளியது. அதைப் பின்னால் இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்தார். கொஞ்சம் அசந்தால் அது திரும்பி வந்து நின்றது. வீட்டில் தூக்கத்திலும் மிதிக்கிறாராம். என் முழங்காலைக் கிளட்ச் என்று நினைத்துவிட்டார் என்று மனைவி தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

ஒருநாள் வண்டி எடுக்கும் முன், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது கணுக்காலை இருக்கையின் இரும்புக் காலோடு கட்டினார். அன்று முழுக்கக் கால் துள்ளத்தான் செய்தது. துள்ளியபோதெல்லாம் துண்டு பிடித்து இழுத்தது. வண்டி குலுங்காமல் போனது. ஜன்னல் ஓரத்தில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்து அவருக்கு மனசு நிறைந்தது.

மனைவியின் தம்பியும் அதே பணிமனையில்தான் ஓட்டினான். துண்டை அவன்தான் முதலில் பார்த்தான்.

"என்ன மாமா, அக்கா உங்கள இங்கயும் கட்டிப் போட்டுட்டாளா?"

"சிரி மச்சான், சிரி. நாளைக்கு யாரு பல்லயாவது நீ பேத்த பிறகு வா."

இரண்டு நாள் கழித்து அவனே வந்து, முடிச்சு எப்படிப் போடுவது என்று கேட்டான்.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் பயந்துவிட்டாள். அவசரத்துக்கு எழுந்திருக்க வேண்டியிருந்தால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டா இருப்பீர்கள் என்று கேட்டாள். அவர் கணுக்காலை டேப்பால் அளந்தாள். பள்ளிக்கூடப் பைகளில் வருமே, அந்த ஒட்டுப் பட்டையை வைத்துத் தடித்த துணியில் ஒரு கட்டுத் தைத்தாள். தோலில் உரசாமலிருக்க உள்பக்கம் பருத்தித் துணி கொடுத்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிவிட்டு, எழுந்திருங்கள் என்றாள். அவர் குனிந்து பட்டையின் நுனியை இழுக்க, அது பர்ரென்று பிரிந்தது. அவளுக்குத் திருப்தியாக இல்லை. நுனியை இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டுத் தைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக் காட்டச் சொன்னாள்.

பணிமனையில் அதற்குக் கொலுசு என்று பெயர் வந்தது. "அண்ணே, அண்ணிகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு கொலுசு," என்று ஒவ்வொருவராகக் காதோரம் வந்து சொன்னார்கள். மைத்துனன் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கியவர்கள் ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சலங்கை கட்டியவர்கள் மாதிரி ஒரு சுற்று ஆடிக் காட்டினார்கள். அதன்பின் அந்தப் பணிமனை வண்டிகளில் யாரும் விழுந்ததாகப் புகார் வரவில்லை.

புகாரே வராத பணிமனை என்று கம்பெனிக்கு அதனால் ஒரு விருது கிடைத்தது. விருது விழாவில் காட்டுவதற்கு ஒரு சின்னப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். இருப்பதிலேயே மெத்தென்று ஓட்டுகிறவர் யார் என்று கேட்டபோது, மேனேஜர் யோசிக்காமல் கியரண்ணனைக் காட்டினார். அவர்கள் அவருடைய கைகளைப் படம் பிடித்தார்கள், முகத்தைப் பிடித்தார்கள். பிறகு ஒருவன் தரையோடு தரையாகப் படுத்து, பிரேக்கை மிதிக்கும் காலைப் பிடித்தான். கியரண்ணனுக்குத் தடுக்கத் தோன்றவில்லை. வெயிலில் வேர்த்துக்கொண்டு வேலை பார்க்கிற ஆளை எப்படி எழுந்து போகச் சொல்வது?

அந்த வாரக் கடைசியில் அவரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பாதுகாப்பு அதிகாரிக்குச் சின்ன வயது. மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். மேஜை மேல் இருந்த கணினியில் கியரண்ணனின் இடது கால் திரை முழுக்க நின்றிருந்தது. வண்டி தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். கியரண்ணன் நாற்காலியின் காலோடு தன் காலைக் கட்டி, பட்டையை ஒரே இழுப்பில் பிரித்துக் காட்டினார். அதிகாரி அதைப் பார்க்கவில்லை.

"ஒரு டிரைவர் தன்ன சீட்டோட கட்டிக்கிட்டு ஓட்டறார்னு வெளிய தெரிஞ்சா, கம்பெனி பேர் என்ன ஆகும்?"

"சீட் பெல்ட்டும் கட்டறதுதானே சார்?"

"அது கம்பெனி குடுத்தது."

கியரண்ணன் பிரிந்த பட்டையைக் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கால் பழக நாங்கள் கேட்டதெல்லாம் ஒரு வாரம்தான் என்றும், அதைக் கொடுத்திருந்தால் இந்தத் துணிக்கே வேலை இருந்திருக்காது என்றும், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டியபடி கேட்டார். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது உங்க ஒருத்தரோட வேல இல்லன்னு எங்களுக்குத் தெரியும். யார் யார் கட்டறாங்க, யார் தைச்சுக் குடுக்கறாங்க, அத மட்டும் சொல்லிடுங்க. நீங்க நாளைக்கே வண்டி எடுக்கலாம்."

"இந்தத் துணி இல்லன்னா உங்களுக்கு விருது ஏது சார்?" என்றார் கியரண்ணன். அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

"பேர் சொல்றீங்களா, இல்லையா?"

"நான் ஒருத்தன்தான் கட்டினேன். நானேதான் தைச்சேன்."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"கத்துக்கிட்டேன் சார். வண்டிக்கு முன்னால நிக்க வச்சுப் போட்டோ எடுத்து எங்களுக்குக் கரண்ட் வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தீங்கல்ல, அந்த மாதிரி."

பட்டையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தற்காலிக ஆள் என்பதால் விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கு இனி வேலை இல்லை என்று மாலைக்குள் கைபேசியில் இரண்டு வரி வந்தது.

மனைவி அந்த இரண்டு வரியை அவரிடமிருந்து வாங்கித் தானே படித்தாள். மெஷினில் பாதி தைத்த கட்டு ஒன்று ஊசிக்கு அடியில் இருந்தது. நான்தான் தைத்தேன் என்று நேரில் போய்ச் சொல்கிறேன், என்ன செய்துவிடுவார்கள் பார்க்கலாம் என்று செருப்பைத் தேடினாள்.

"சொல்லிட்டு வா. உன்னையும் வேலைய விட்டுத் தூக்கினாத்தான் அவங்களுக்கு நிம்மதியா இருக்கும்," என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மைத்துனன் வந்தான். வாசற்படியிலேயே நின்றான். எல்லோரும் சேர்ந்து போய் நாங்களும் கட்டினோம் என்று சொல்லிவிடலாம், இத்தனை பேரையும் எடுத்துவிட்டு வண்டியை யார் ஓட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நீ வாய மூடிக்கிட்டு வண்டிய எடு மச்சான். ரெண்டு அடுப்பும் சேர்ந்து அணைய வேணாம்."

"கொலுசு இல்லாம எப்படி மாமா எடுக்கறது?"

மனைவி எழுந்து போய், ஊசிக்கு அடியில் இருந்த துணியை உருவி எடுத்தாள். தம்பியிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் கியரண்ணன் சீருடைகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். வண்டிகள் முழுச் சார்ஜோடு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றிருந்தன. ஓட்டுநர்கள் யாரும் ஏறவில்லை. வாசலிலிருந்து கொட்டகைவரை வரிசை நீண்டிருந்தது. வரிசையின் தலையில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் காவலாளி கையில் டார்ச்சோடு குந்தியிருந்தான். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து, முக்காலியில் இடது காலைத் தூக்கி வைத்து, கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றினார்கள். காவலாளி காலுறையை இறக்கிவிட்டு வெளிச்சம் அடித்தான். கொலுசு கட்டிக் கட்டி ரோமம் உதிர்ந்து வெளுத்த வளையம் கணுக்காலில் இருந்தால், அந்தப் பக்கம் போய் நில் என்று கையைக் காட்டினான். அந்தப் பக்கம் ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. கியரண்ணனைப் பார்த்தவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், தூக்கிய காலை இறக்காமலே, அவருக்கு வணக்கம் வைத்தார்.

வரிசையின் கடைசியில் மைத்துனன் குனிந்திருந்தான். விரலை நாக்கில் நனைத்து நனைத்து, கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.