பச்சைத் தண்ணி கொடுத்த வீடு

1999 மலேசியப் பொதுத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்பு பேங்க் வேலையை விட்டேன். தேர்தல் வேலைக்கென்று ஓர் இணையப் புரோகிராம் எழுதிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானில் இருந்த எங்கள் வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். பன்னிரண்டு வட்டாரத் தேர்தல் நடவடிக்கை அறைகள் ஒரே நேரத்தில் போன் லைன் வழியாக உள்ளே வந்து, எந்த வீட்டுக்குப் போனோம், ஓட்டு நமக்கா என்று பதியலாம். பன்னிரண்டு நூற்றிருபது ஆனாலும் படுத்துக்கொள்ளாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

பொறுப்பாளர் சண்முகரத்தினம் அங்கிள் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒரு தகரப் பெட்டி நிறைய வாக்காளர் விவர அட்டைகளை வைத்தே ஐந்து தேர்தல் நடத்தியவர். எங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று என் கம்ப்யூட்டர் ஒரு வாரத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி அட்டைதான் என்று சொல்லிவிட்டார். அப்படி ஆனால் பேங்க் மேனேஜர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

நான்கே நாளில் மூவாயிரம் வீடுகள் பதிவாயின. மூவாயிரமும் மஞ்சள், அதாவது நமக்கு. எதிர் ஓட்டுக்கு நான் வைத்திருந்த சிவப்பு ஒரு புள்ளிகூட விழவில்லை.

"இப்படின்னா தேர்தலே வேணாம்லா, கலா," என்று அங்கிள் தகரப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

காப்பாரில் கையுறைத் தொழிற்சாலை வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பவர் இராஜம்மாக்கா. எல்லா வீட்டிலும் எப்படிச் சரி என்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். வாசல் தேடி வந்தவரிடம் யாராவது மாட்டேன் என்பார்களா, எல்லாக் கட்சிக்கும் சரிதான் சொல்வார்கள் என்றார்.

"வாயைக் கேக்காதம்மா. குடிக்க என்ன கொடுக்கறாங்கன்னு பாரு. மைலோ கலக்குனா ஓட்டு நமக்கு. சிரப் தண்ணின்னா யோசிக்கறாங்க. பச்சைத் தண்ணியா, எந்திரிச்சு வந்துடு."

அன்றே புரோகிராமில் ஒரு கட்டம் சேர்த்தேன்: குடிக்க என்ன கொடுத்தார்கள்? பச்சைத் தண்ணி என்றால் சிவப்பு விழும். எல்லாரையும் மறுபடி அனுப்பினோம். இனிப்பு நீர் வியாதிக்காரரான சின்னையா அண்ணன் மைலோவைத் தொடாமலே வந்தாலும், கொடுத்ததை நேர்மையாகப் பதிந்தார்.

மூன்றாம் நாள் மஞ்சள் உடைந்தது. ஒரு தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை முழுக்கச் சிவப்பு. அங்கிள் நம்பவில்லை. அது அவர் குடியிருக்கும் வரிசை. வீடுகளில் மைலோ தீர்ந்திருக்கும் என்றார்.

யாரும் போகாத வீடுகளையும் என் புரோகிராம் காட்டும். அந்த வரிசையில் ஒன்றே ஒன்று மிச்சம், பதினான்காம் எண். அங்கிள் வீடு. பொறுப்பாளர் வீடுதானே என்று எல்லாரும் தாண்டிப் போயிருந்தார்கள். நான் இராஜம்மாக்காவை அனுப்பினேன்.

சாயங்காலம் பதிவு வந்தது: பச்சைத் தண்ணி.

அங்கிளுக்குக் காட்டினேன். அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி புனிதவதி ஆன்டியின் குரல் எங்களுக்கே கேட்டது. வீட்டு முன்னால் லொங்கான் கால்வாய் அடைத்து மூன்று வாரம், சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறது, வரிசையே அவரிடம் சொல்லி அலுத்துவிட்டது.

"ஊரெல்லாம் போய் ஓட்டுக் கேக்கறீங்க. இந்த வீட்ல யாரு வந்து கேட்டாங்க?"

அங்கிள் போனை வைத்தார். மறுநாள் காலை மண்வெட்டியோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அந்த வரிசைக்குப் போய், தானே லொங்கானில் இறங்கினார். பிறகு என் சிவப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து இராஜம்மாக்கா பதினான்காம் எண்ணுக்கு மறுபடி போனார். மைலோ என்று பதிந்து, பக்கத்தில் பிஸ்கட்டும் என்று எழுதியிருந்தார். நான் துள்ளிக்கொண்டு அங்கிளிடம் சொன்னேன். அவர் தகரப் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார்.

"அது இராஜம்மாவுக்கு," என்றார். "எனக்கு இன்னும் பச்சைத் தண்ணிதான்."