கெல்லாக்கின் தோளூசி

கெல்லாக்கின் தோளில் இருந்த வெள்ளி ஊசி, அவன் யாரையாவது மட்டம் தட்டிப் பேசும்போதெல்லாம் ஒரு பார்லி மணி அளவு வளர்ந்தது. வெண்ணெய் மலிந்து கிடந்த ஒரு கோடையில்தான் இது ஊருக்குத் தெரியவந்தது. ஆண்கள் போர்வையை வலத்தோளிலும் பெண்கள் மார்பிலும் ஊசி குத்தி நிறுத்துவது மூன்று பள்ளத்தாக்கிலும் வழக்கம். மாடு மேய்க்கிறவனுக்குக் கருமுள், குடியானவனுக்கு வெண்கலம், அரச குடும்பத்துக்கு அம்பர் என்னும் மஞ்சள் பிசின்கல் பதித்த வெள்ளி. வருகிறவன் தோளை எட்ட நின்றே பார்த்து, அவனுக்குப் பன்றித்தொடையா வெறும் மோரா என்பதை வீட்டுக்காரி முடிவு செய்துவிடுவாள். முகத்தை அப்புறம் பார்த்தால் போதும்.

கெல்லாக்கின் தாத்தா ராஜாவாக இருந்தவர். அப்பாவுக்கு அது வாய்க்கவில்லை. கெல்லாக்குக்கு வாய்க்கவே வாய்க்காது, ஏனென்றால் மாடு பிடிக்கப் போன சண்டையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்திருந்தான். உடம்பில் ஊனமுள்ளவன், புது ராஜா ஏறி நிற்கும் அரசுக்கல்லின் மேல் ஏறினால் பசுக்கள் வற்றிப்போகும் என்பது சட்டம். தொடர்ந்து மூன்று தலைமுறை அந்தக் கல்லில் கால் வைக்காத குடும்பம் அதற்குமேல் வெறும் குடியானவக் குடும்பம் என்பதும் சட்டம். ஆகவே எல்லாம் மகன் ஃபெர்கல் தலையில் வந்து விழுந்தது. பையனை முட்டையைப்போல் வளர்த்தார்கள். மரம் ஏறக் கூடாது, நாயோடு விளையாடக் கூடாது, பிறர் அரிவாள் பிடிக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் முழங்கால் சிராய்ப்பை ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமையடித்துக்கொண்டபோது, காட்ட ஒன்றுமில்லாமல் நின்றவன் அவன் மட்டும்தான்.

பையனுக்கு இரண்டு வயதானபோது கெல்லாக் கொல்லன் துவானைக் கூப்பிட்டு, ஒரு ராஜாவின் அப்பனுக்கு ஏற்ற தோளூசி வேண்டும் என்றான். ஊசித் தலையில் உள்ள வளையத்தைச் சுற்றி மிருக உருவங்கள் ஒன்றன் வாலை ஒன்று கவ்வ வேண்டும், பின்னல் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது, தன் வம்சமும் அப்படித்தான் என்று ஊர் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, கொல்லனை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி மோர் கொடுத்தனுப்பினான். துவான் குடித்துவிட்டுப் போய் மூன்று மாதம் வேலை செய்தான். அந்தக் கையிலிருந்து அதைவிட நல்ல வேலை அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. ஊசி வந்தபோது ஒரு சாண்தான் இருந்தது. மறு மாதம் அதன் முனை தோளைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

கெல்லாக் பட்டறைக்குப் போய்க் கத்தினான். "என்னடா ஊசி அடிச்சிருக்க, கரி மூஞ்சி? நாளுக்கு நாள் நீண்டுகிட்டே போகுது!"

"முடிவே தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க ஐயா, செஞ்சேன். ஊசி எங்க முடியணும்னு நீங்க சொல்லவே இல்லயே" என்றான் துவான். பிறகு தோளை உற்றுப் பார்த்து, "இப்பக்கூட ஒரு மணி ஏறிடுச்சு பாருங்க. கரி மூஞ்சின்னதுக்கு" என்றான்.

அரத்தால் அறுத்தார்கள். அறுத்த அளவு மறுநாள் விடிவதற்குள் வளர்ந்து நின்றது. மூன்று முறை அறுத்துவிட்டு, வெள்ளித்துண்டுகளை மனைவி டெர்வில் பெட்டியில் போட்டு வைத்தாள். கழற்றி எறி என்று சொல்ல ஊரில் ஆளில்லாமல் இல்லை. வெள்ளியைக் கழற்றினால் குடியானவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கெல்லாக் பயந்தான். நாயை அடித்தாலும் வால் நிமிராது. முனையில் ஒரு மரக்குமிழைச் செருகிக்கொண்டு திரிந்தான்.

பதினெட்டு வருடம் இப்படியே போனது. வேலையாட்கள் இடப்பக்கமாக வரப் பழகினார்கள். விருந்தில் அவன் வலப்பக்கம் மூன்று ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. ஃபெர்கல் தத்தித் தத்தி அப்பாவிடம் ஓடிய நாளிலிருந்து கேட்டது ஒரே பேச்சு. "கிட்ட வராத. உடம்பு பத்திரம்." அந்த வீட்டில் பிள்ளையை அப்பன் ஒருமுறைகூட அணைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஊசி வளர்ந்ததை நம்புகிறவர்கள்கூட.

ஃபெர்கலுக்கு இருபது வயதானபோது பழைய ராஜா இறந்தார். அறுவடைத் திருவிழாவன்று குன்றில் புது ராஜாவைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம். புறப்படும்போது டெர்வில் வாசலை மறித்து நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அதக் கழட்டி வச்சிட்டு வாங்க. ஒரு கருமுள்ளு குத்திக்கங்க. உங்க தோளப் பாக்க யாரும் வரல. புள்ளயப் பாக்கத்தான் வராங்க."

"ராஜாவோட அப்பன் மாட்டுக்காரன் மாதிரி முள்ளு குத்திட்டு நிக்கணுமா? உங்க அப்பன் வீட்டுப் புத்தி உன்னவிட்டு எங்கடி போகும்!"

ஊசி ஒரு மணி வளர்ந்தது. முனையில் இருந்த மரக்குமிழ் விரிசல் விட்டது. குன்றேறும் வழியில் அது எங்கோ விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

நீதிபதி செங்கான் ஃபெர்கலின் பற்களை எண்ணினார், நகங்களைப் பார்த்தார், முதுகைத் தடவினார். ஒரு தழும்பு இல்லை. பெயரைச் சொன்னார். குன்று முழுக்க ஆர்ப்பரித்தது. கல்லில் ஏறுவதற்கு முன் ஃபெர்கல் திரும்பி, கூட்டத்தில் அப்பாவைக் கண்டான். இனி உடம்பைப் பற்றி யாருக்குப் பயம், ராஜா என்று சொல்லியாகிவிட்டதே என்று நினைத்தானோ என்னவோ, ஓடிவந்து நேராகக் கட்டிக்கொண்டான். ஊசி முனையில் அவன் வலக்கண் அப்படியே போய்விட்டது.

செங்கான் பார்லி மணிகளை வரிசையாக வைத்து ஊசியை அளந்தார். தோளைத் தாண்டி நீண்ட ஊசி குத்தினால் குற்றம் ஊசிக்காரனுடையது என்பது சட்டம். "கண்ணுக்கு உண்டான தண்டத்த புள்ளயோட அப்பன்கிட்ட குடுக்கணும், கெல்லாக்" என்றார் அவர். "உன் தொழுவத்துலேர்ந்து பசுவ அவுத்து, உன் தொழுவத்துலயே கொண்டுபோய்க் கட்டு." யாரும் சிரிக்கவில்லை. அடுத்த குடும்பத்துப் பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கல்லில் ஏறினான்.

ஃபெர்கல் முகத்தைத் துணியால் பொத்தியபடி கேட்டான். "அப்பா, இப்பவாச்சும் கிட்ட வரலாமா?"

கெல்லாக் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

அன்று மாலையே ஊசியைச் சதுப்பு ஏரியில் எறிந்துவிட்டுக் கருமுள் குத்திக்கொண்டான். அதற்குப்பின் அவன் ஒருவரையும் மட்டம் தட்டவில்லை, தன்னைத் தவிர. தன்னைத் தானே நாள் முழுவதும் வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தான். முள் வெள்ளியைவிட வேகமாக வளர்ந்தது. அடுத்த வசந்தத்தில் இலை விடும் முன்பே வெள்ளையாகப் பூத்தது. இரண்டாவது குளிர்காலத்தில் அவன் செத்தபோது முள்ளைப் பிடுங்க முடியாமல், அது மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படியே புதைத்தார்கள். இப்போது அது ஆள் உயரப் புதர்.

ஃபெர்கலின் பிள்ளைகள் குடியானவர்கள். ஃபெர்கல் வருடத்துக்கு ஒருமுறை வந்து புதரின் கிளைகளைக் கழிக்கிறான். போகும் முன் இரண்டு கைகளாலும் அதைச் சேர்த்து அணைத்து, வலக்கன்னத்தை முள்ளில் வைத்து நிற்கிறான். அந்தப் பக்கம் இழக்க அவனிடம் ஒன்றுமில்லை. போர்வைக்கு முள் வேண்டுமென்றால் ஊரார் அங்கேதான் ஒடித்துக்கொள்கிறார்கள். நன்றாக நிற்கும், சீக்கிரம் முறியாது.