சரவெடி சார்லசுக்கு எத்தனையாவது இடம்

எங்கள் ஊரில் பாடகர் ஒருவர் செத்துப்போனால், அவருக்கு எத்தனையாவது இடம் என்று முடிவாகும்வரை அவர் குரல் வீட்டிலேயேதான் இருக்கும். முடிவானதும் வரிசை அலுவலகத்து ஆள் வந்து குரலை ஊறுகாய் ஜாடியில் இறக்கி, வாயைத் துணியால் கட்டி, மேலே எண் எழுதி எடுத்துப்போய்விடுவார். ஜாடிகளை அலமாரியில் வரிசைப்படி அடுக்குவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், பத்து நிமிஷம், துணியை அவிழ்ப்பார்கள்.

அந்த அலுவலகத்தில் நான் கால் கண்காணிப்பாளர். இடத்தை முடிவுசெய்யும் குழுவில் உட்காருகிறவர் இறந்தவரின் பாட்டைக் கேட்டிருக்கலாம். கூட்டத்தில் அதற்குத் தாளம் போடக் கூடாது. யார் காலாவது ஆடினால் குழு கலைந்துவிடும், அடுத்த ஆடியில்தான் புதுக் குழு. அதனால் நான் மேசைக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களை முழங்காலுக்குக் கீழேதான் பார்க்கிறேன். ஒருத்தரையும் நம்புவதற்கில்லை. கண்காணிப்பாளரின் கால் ஆடினால் அதற்குத் தனி விதி உண்டு, அதுவரை தேவைப்பட்டதில்லை.

சரவெடி சார்லஸ் விஷயத்தில் மூன்று குழு கலைந்துவிட்டது. ராப் பாடியவர். சலவை சோப்புக்குப் பாடினார், தண்ணீர் கேனுக்குப் பாடினார், கொசுவத்திக்குப் பாடினார். எல்லாம் விற்றது. அந்தக் கொசுவத்திப் பாட்டு ஓடாத ஷேர் ஆட்டோ ஊரில் கிடையாது. இத்தனை பேருக்குப் பிடித்த ஒன்றில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நாலாவது குழுவுக்கு இரண்டு பேர்தான் தேறினார்கள். ஒருவர் இசைப் பேராசிரியர் வேதகிரி. இன்னொருவர் கேசட் கடை வைத்திருந்த ஹபீபா அம்மாள்.

"கொசுவத்திப் பாட்டை நான் கேட்டதே இல்லை," என்று உறுதிமொழி எடுக்கும்போது வேதகிரி சொன்னார். "அதிலும் அந்த மூணாவது வரியை, சத்தியமாகக் கேட்டதில்லை."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். மேசைக்கு அடியில் போய்ப் பார்த்தால் மனுஷர் இரண்டு கணுக்காலையும் துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தார். ஹபீபா அம்மாள் இரண்டு வாளியில் ஈர மணல் கொண்டுவந்து கால்களைப் புதைத்திருந்தார். யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்பார்கள். வாளியோடு வருகிற யோக்கியரை அன்றுதான் பார்த்தேன்.

"அறுபத்தொண்ணு," என்றார் வேதகிரி. "சோப்புக்குப் பாடினவனுக்கு அதுவே ஜாஸ்தி."

"வித்துட்டா மட்டமா?" என்றார் ஹபீபா அம்மாள். "நீங்க மெச்சுறவங்க கேசட்டைத் தூசு தட்டித் தட்டியே என் கை தேஞ்சுது. சார்லஸ் கேசட்டு தூசு படியறதுக்குள்ள போயிடும். நாலாவது இடம் குடுங்க."

"புரோட்டாகூடத்தான் வித்துப்போகுது. அதுக்கும் நாலாவது இடமா?"

"நல்ல புரோட்டாவா இருந்தா மூணாவதே குடுப்பேன்."

அப்போது டீ வந்தது. கூட்டத்துக்கு டீ இறந்தவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது வழக்கம். சார்லசின் மனைவி பிலோமினா குனிந்து எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். முந்தைய மூன்று கூட்டத்திலும் டீ வந்த பிறகுதான் கால் ஆடியது. குறித்து வைத்திருக்கிறேன்.

"உங்களுக்கு எத்தனையாவது இடம் வேணும்?" என்று கேட்டுவைத்தேன்.

"எந்த எடமும் வேணாம் சார். அவரு வீட்லயே இருக்கட்டும்," என்றார். "வீட்ல சரவெடியெல்லாம் இல்ல, மெதுவாத்தான் பேசுவாரு. காத்தால கேஸ் புக் பண்ணியான்னு கேட்டாரு. இதெல்லாம் யாரு சார் அப்புறம் என்னைக் கேப்பாங்க?"

சொல்லும்போது அந்தம்மா அழவில்லை. என் சந்தேகம் அதிகமானது.

பிறகு மேலே சர்க்கரை கலக்கும் சத்தம் கேட்டது. கரண்டி கிளாசில் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. கொசுவத்திப் பாட்டேதான். அடிப்பாவி, இதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சர்க்கரை கலக்கக் கூடாது என்று விதியில் இல்லை. துண்டு இறுகியது, அவிழவில்லை. மணலில் லேசாக விரிசல் விட்டது, அதோடு சரி. மேலே பேரம் நடந்து முப்பத்திரண்டில் வந்து நின்றது. வேதகிரி பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. கரண்டி நின்றுவிட்டது.

முடிக்கும்முன் கால்களை எண்ணுவது முறை. அசையாத கால் ஏழு. ஆடுகிற கால் ஒன்று. அது என் இடது கால். கரண்டி நின்ற பிறகும் அது நிற்கவில்லை. மூன்றாவது வரிக்குப் போயிருந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை. அந்த அறையில் கால் பார்க்கிற உத்தியோகம் எனக்கு மட்டும்தான். பிலோமினா காலி கிளாசை வாங்கக் குனிந்தார், பார்த்தார்.

"சர்க்கரை போதுமா சார்?" என்றார்.

அந்தம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. சார்லசுக்காக வெளியே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அந்த ஜாடி மேல் அதைவிட அதிகமாக வந்தது.

"போதும்," என்றேன். பதிவேட்டில் 'கண்காணிப்பாளர், இடது கால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேசையை அடியிலிருந்து இரண்டு முறை தட்டினேன். குழு கலைந்தது. "அப்பாடா," என்று ஹபீபா அம்மாள் வாளியிலிருந்து கால்களை உருவினார். வேதகிரி துண்டை அவிழ்த்தார். அதன்பின் அந்தக் கால்கள் என்ன செய்தன என்று நான் பார்க்கவில்லை. கூட்டம்தான் முடிந்துவிட்டதே.

கண்காணிப்பாளருக்கான விதிப்படி என் இடது காலை முழங்காலோடு கழற்றி அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை சார்லசுக்கு இடம் தர முடியாது. கால் ஆடுவது நின்றால்தான் விசாரணையைத் தொடங்கலாம். அது நிற்கவில்லை.

போன வாரம் பிலோமினா என் வீட்டுக்கு வந்தார். "சார் கால் எப்படி இருக்குன்னு அவரு கேக்கச் சொன்னாரு," என்றார். நன்றாக இருக்கிறது, ஆனால் அலுவலகத்தில் கொசு அதிகம், கடிக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே அந்தம்மா போய் என் கால் பக்கத்தில் ஒரு கொசுவத்தி ஏற்றிவைத்தாராம்.

அப்போதிருந்து கடி இல்லை. அந்தப் பாட்டு சொன்னது பொய்யில்லை, நல்ல கொசுவத்திதான்.