ஸகியாவின் வலிகாரர்

மீராலெவ்வைக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம்; ஒரு கலியாண வீடு இருந்தால் போதும். அண்ணன் மகள் ஸகியாவின் கலியாணத்தன்று காலையில் தேத்தண்ணீர் பிந்தி வந்ததற்கு முறைத்தார். பிறகு, பேச்சில்லாத ஒன்றுவிட்ட மச்சானுக்குப் பக்கத்தில் தன்னை உட்கார வைத்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நிக்காஹ் நேரம் வந்ததும் அசல் வில்லங்கத்தை அவிழ்த்துவிட்டார். பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கும் வலிகாரர் யார் என்றார்.

வாப்பாதான் வலிகாரர். ஸகியாவின் வாப்பா ஆதம்பாவா றங்கூனுக்குத் துணிக்கடை வேலைக்குப் போனவர். யப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. யுத்தமே முடிந்துவிட்டது. காத்தான்குடியில் எல்லாருக்கும் அவர் செத்துப்போனவர். அவருடைய மனைவி ஆயிஷா உம்மாவுக்கு மட்டும் அவர் வீட்டில்தான் இருந்தார்.

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கிணற்றடியில் மிதியடிச் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆளிருக்காது. கல் மட்டும் நனைந்திருக்கும். முதலில் பயந்து நடுங்கினாள். பின்பு அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் பயம் வந்தது. சோறு போட்டு மூடிவைப்பாள், ஊர்க்கதை சொல்வாள். ஸகியாவுக்கு மாப்பிள்ளை சரிவந்ததையும் கிணற்றடிக்குப் போய்த்தான் முதலில் சொன்னாள். இன்று பட்டப்பகலிலேயே அந்த மிதியடி கேட்டது. விருந்தாளிகளுக்கு நடுவே, சமையல் கிடாரங்களைச் சுற்றிக்கொண்டு, மகள் இருந்த அறைவாசல் வரை வந்து நின்றது. ஆயிஷா உம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

நிக்காஹ் எழுத வந்திருந்த காதியார், பெண்கள் பக்கத்துத் திரைக்கு வெளியே வந்து உட்கார்ந்து விஷயத்தை மெதுவாக விளக்கினார். வாப்பா எங்கோ உயிரோடு இருக்கிறார் என்றால் காதியே வலியாக நின்று நிக்காஹ்வை முடிக்கலாம். மௌத்தாகிவிட்டார் என்றால், ஆண்பிள்ளை இல்லாத இந்த வீட்டில் அந்த உரிமை வாப்பாவின் தம்பிக்கு. அந்த இடம் தனக்கில்லையென்றால் போய்விடுவேன் என்று மீராலெவ்வை ஏற்கெனவே சால்வையைத் தோளில் போட்டாயிற்று. மாப்பிள்ளை அவர் மனைவியின் தமையன் மகன். அவர் எழுந்தால் மாப்பிள்ளை வீடும் எழுந்துவிடும்.

திரைக்குப் பின்னால் ஸகியா மருதோண்டிக் கையால் தன் உம்மாவின் கையைப் பிடித்தாள்.

“நீங்கதான் சொல்லணும் தங்கச்சி,” என்றார் காதியார். “அவர் இரிக்காரா, இல்லையா?”

மிதியடி அவளுக்கு நேர் பின்னால் நின்றது. மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. இருக்கிறார் என்று சொன்னால் மகளின் கலியாணம் இத்தோடு நின்றுபோகும். ஆயிஷா உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“மௌத்தாகித்தாரு,” என்றாள்.

காதியார் நல்ல மனிதர். எப்போது என்று அவர் கேட்டதுகூட அவளுடைய நன்மைக்காகத்தான். கணவன் மௌத்தானால் மனைவி வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இத்தா இருக்கவேண்டும். பழைய நாளொன்றைச் சொல்லிவிட்டால் அந்தக் காலம் எப்போதோ கடந்ததாகிவிடும்; மகளின் கலியாணத்தில் எல்லாரையும்போல நடமாடலாம். நினைத்தது கிடைத்துவிட்ட மீராலெவ்வையும் இளகிப்போய் எடுத்துக்கொடுத்தார்.

“குண்டு விழுந்த அண்டைக்கு எண்டு சொல்லுங்க மதினி.”

அப்படிச் சொன்னால் இத்தனை காலமும் தன்னோடு இருந்தது யார்? அந்த மனிதனை அந்நியனாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“இப்பதான்,” என்றாள் ஆயிஷா உம்மா. “இப்ப நான் சொன்ன உடனதான் மௌத்தானாரு.”

மீராலெவ்வை அப்படியே குந்திவிட்டார். அண்ணனுக்காக அவர் அழுதது அன்றுதான் முதல்முறை. அழுத கண்ணோடேயே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ்வை முடித்துவைத்தார். பெண்கள் குரவையிட்டபோது ஆயிஷா உம்மா உள்ளறையில், கலியாணத்துக்கென்று எடுத்த பட்டைக் களைந்து வெள்ளை உடுத்துக்கொண்டிருந்தாள்.