மச்சான் போட்ட முடிச்சு

பெரியவர் யாரையும் நம்ப மாட்டார். மச்சானை அறவே நம்ப மாட்டார். செத்துப்போன மனைவியின் தம்பியாயிற்றே என்று தம் அறையிலேயே இடம் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். குறட்டைச் சண்டை முற்றிப்போய், அறையைப் பலகையால் சரிபாதியாக அடைப்பதென்று முடிவாயிற்று. ஆளுக்கொரு கதவு, எதிர்ச்சுவரில் ஆளுக்கொரு ஜன்னல். பெரியவரின் கட்டில் ஜன்னலுக்கடியில் குறுக்கே கச்சிதமாக அடங்கும். ஒரு விரற்கடை குறைந்தாலும் அடங்காது. காற்றில்லாவிட்டால் அவருக்குத் தூக்கமும் இல்லை.

தச்சர் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்தார்.

"அத உள்ள வை. மச்சான் உன்கிட்ட என்ன பேசி வச்சிருக்கானோ!"

பெரியவர் தாமே குனிந்தார். கதவுச் சுவரோரம் நட்டநடுவில் ஒரு புள்ளி. அதற்கு இருபுறமும் சம தூரத்தில் ஒவ்வோர் ஆணி. ஆணியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸைச் சேர்த்து வளைவு போட வேண்டும். இரண்டு வளைவும் வெட்டும் இடத்தை நடுப்புள்ளியோடு சேர்த்தால் கோடு சுவருக்குச் செங்குத்தாக நிற்கும்.

மச்சான் தன் பக்கத்து ஆணியில் முடிச்சுப் போட்டான். முதல் வளைவு விழுந்தது. கயிற்றைத் தம் பக்கத்து ஆணிக்கு மாற்றும்போது பெரியவர் முடிச்சை முறைத்தார்.

"என்னடா முடிச்சு இது? இழுத்தா கையோட வந்துடும்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் அத்தான். நீளம் மாறிடப் போகுது."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா நீ?"

அவிழ்த்தார். மூன்று சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தாமே கட்டினார். வளைவு போட்டு, கோட்டை ஜன்னல் சுவர் வரை இழுத்தார்.

தச்சர் கேட்காமலே மட்டத்தை வைத்துப் பார்த்தார். "கோடு உங்க பக்கமா சாயுது பெரியவரே."

"உன் மட்டம்தான் சாயுது. அடி பலகைய!"

அடித்தாயிற்று. கட்டிலைத் தள்ளினால் ஒரு சாண் இடிக்கிறது. பெரியவர் தம் ஆணிக்குப் போய், அந்த மூன்று சுற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கயிறு சுருங்கிடுச்சு" என்றார்.

தச்சர் இருமினார். "பிரிச்சு மாட்டிடவா?"

"வேணாம். இவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கால் பக்கம் பலகையில ஒரு ஓட்டை போடு."

ஓட்டை வழியாகக் கட்டில் ஒரு சாண் அந்தப் பக்கம் நீண்டது. அன்று மத்தியானமே படுத்துப் பார்த்தார். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

"அத்தான், உங்க காலு என் ரூமுக்குள்ள இருக்கு."

"தெரியும். தொடாத."

"நான் ஏன் தொடப் போறேன்? நீங்க நிம்மதியா தூங்குங்க."

நிம்மதியாகவாம். பெரியவர் கண்ணை மூடினார். மூடிய வேகத்திலேயே திறந்தார். காலைக் கொண்டுபோய் இவனிடம் விட்டுவிட்டு மனுசன் எப்படித் தூங்குவான்?